அர்த்தநாரி வீட்டு விரயப் பலகை

அர்த்தநாரி வீட்டுக் குழாய் மூடியிருந்து அந்த வீதியில் எவரும் பார்த்ததில்லை. அவர்கள் பகுதிக்கு நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வரும். சில வாரங்களில் அதுவும் தள்ளிப்போகும். என்று வரும், எந்நேரம் வரும் என்பது தண்ணீருக்கே தெரியாது. ஆகவே ஒருமுறை நின்றவுடனேயே அடுத்த முறைக்காகக் குழாயை முழுவதும் திறந்து, அதன் அடியில் ஓர் எவர்சில்வர் குடத்தை வைத்துவிட்டு, முன்னறையில் நாற்காலியைப் போட்டு நாளிதழோடு அமர்ந்துவிடுவது அவருடைய வழக்கம்.

தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். முதலில் பெருமூச்சாகத் தொடங்கி, பிறகு சீற்றமாகி, குழாயே கோபித்துக்கொண்டது போல இரையும். அந்த ஓசை கேட்டதும் அர்த்தநாரி நாளிதழை மடித்து வைத்து, வாசலுக்கு வந்து, "காத்து வந்திருச்சுங்கோ! கொடத்த எடுங்கோ!" என்று கூவுவார். வீதியே குடங்களோடு ஓடிவரும். சில வேளை காற்று தண்ணீரை அழைத்துவரும். பல வேளை தனியாக வந்து, வெகுநேரம் இரைந்துவிட்டுத் தனியாகவே போய்விடும். அதற்காக யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. அழைத்தும் வராதவர்களைப் பற்றி நமக்குத் தெரியாதா என்ன?

பனியன் கம்பெனி ஒன்றில் துணி செக்கிங் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். விளக்கின் மேல் துணியை ஓடவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஓட்டையையும் சாக்பீஸால் வட்டமிட்டுக் காட்டியே வாழ்நாளைக் கழித்தவர். முன்கட்டில் அவரும் மனைவி பொன்னாத்தாளும் இருந்தார்கள். பின்கட்டில் தெற்குச் சீமையிலிருந்து பிழைக்க வந்த காசிமாயனும் அவன் மனைவி கருத்தம்மாளும் மகள் நதியாவோடு வாடகைக்கு இருந்தார்கள். காசிமாயன் கட்டிங் மாஸ்டர். கருத்தம்மாள் பேக்கிங் பிரிவு. இரண்டு கட்டுக்கும் ஒரே தண்ணீர் இணைப்பு, ஒரே மீட்டர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த பில் வந்தது. அது வழக்கமாக ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரவேண்டிய பில். அதுவும் முகூர்த்த மாதத்தில்.

பொன்னாத்தாள் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க, நமக்குத் தெரியாம நம்மூட்டுல யாராச்சும் யானை கட்டி வெச்சுருக்காங்களா?"

அர்த்தநாரி சட்டையை மாட்டிக்கொண்டு குடிநீர் அளவீட்டு வாரியத்துக்குப் புறப்பட்டார்.

குடிநீர் அளவீட்டு வாரியம் தண்ணீர் தருவதில்லை. தருவது வேறொரு துறை. தரப்பட்டதை அளப்பது மட்டுமே வாரியத்தின் கடமை. அதன் வாசலில் 'துளித் துளியாய் அளப்போம்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே இருந்த குடிநீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது. உதவி அளவீட்டு அலுவலர் விஜயகுமாரி அவரை மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"ஏனுங்கம்மா, தண்ணியே வாரத்துக்கு ஒருக்காதானுங்க வருது. இத்தன தண்ணிய நாங்க எங்கீங்க போய்ப் புடிச்சோம்?"

"தண்ணி வர்றதும் வராததும் வழங்கல் துறைங்க. அதைப் பத்தி நான் கருத்துச் சொல்லக் கூடாது." விஜயகுமாரி அலமாரியின் மேலிருந்த கேடயம் ஒன்றைக் காட்டினார். "போன கோடையில வழங்கல் சுத்தமா நின்னு போச்சு. சொட்டுத் தண்ணி வரல. ஆனா அளவீடு ஒரு நாள் நின்னுச்சா? நிக்கலீங்க. வீடு வீடாப் போய் ரீடிங் எடுத்தோம். அதுக்குக் கொடுத்ததுதான் இது."

அர்த்தநாரி கேடயத்தை வணக்கத்தோடு பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். "மீட்டர்ல ஏதாச்சும் கோளாறு இருக்குமுங்களா?"

"மீட்டர் தப்பா இருக்க முடியாதுங்க. தப்பா இருந்தா நாங்க அதை மீட்டர்னு வாங்கியே இருக்க மாட்டோம். அளவு கூடுறதுக்கு மூணே காரணந்தான். கசிவு, களவு, விரயம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிரிவு இருக்குது."

"நாலாவதா ஒரு காரணம் இருந்தாங்க?"

"இருந்திருந்தா நாலாவது பிரிவும் இருந்திருக்குமே!"

அந்த விடையில் ஓட்டை எதையும் அர்த்தநாரியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் கசிவுப் பிரிவிலிருந்து கன்னையன் வந்தார். அவர் கையில் நீண்ட இரும்புக் கோல் ஒன்று இருந்தது. அதன் ஒரு முனையைச் சுவரில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தால் குழாயின் உள்ளே தண்ணீர் கசியும் ஓசை கேட்கும் என்றார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். மிக்ஸியை நிறுத்தச் சொன்னார். பொன்னாத்தாளை மூச்சை மெதுவாக விடச் சொன்னார். பிறகு சமையலறைச் சுவரில் கோலை ஊன்றி, கண்ணை மூடி, வெகுநேரம் நின்றார்.

"கேக்குதுங்க," என்றார் கடைசியில். "கடகடன்னு ஒரே பாய்ச்சலாப் போகுதுங்க."

"அது பக்கத்தூட்டு ஓவர்லாக் தையல் மிசினுங்க," என்றாள் பொன்னாத்தாள்.

கன்னையன் சற்றும் தளரவில்லை. கேட் ஓரத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்து, இரண்டு ஆட்களைக் கொண்டு தோண்டச் செய்தார். குழி முழங்கால் ஆழமாகி, இடுப்பு ஆழமாகி, உள்ளே நிற்பவரின் தலைப்பாகை மட்டும் வெளியே தெரியும் ஆழமாயிற்று. குழாய் முழுவதும் வெளியே வந்தது. புதுமணப்பெண்ணைப் போல மாசு மறுவற்று, சொட்டு ஈரமின்றி இருந்தது அது. கன்னையன் குழியை விட்டு ஏறி, கையைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவினரிடம் பேசும் டாக்டரின் குரலில் பேசினார்.

"மனசத் தேத்திக்கோணுமுங்க. உங்க குழாய் ரொம்ப நல்லா இருக்குதுங்க."

"நல்லதுதானுங்களே?"

"எங்கீங்க நல்லது? கசிவு இருந்திருந்தா முக்காப் பங்கு தள்ளுபடி வாங்கியிருக்கலாம். கசிவே இல்லாதவிகளுக்கு எந்தச் சலுகையும் இல்லீங்க." அவர் நாலு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நாஞ் சொன்னேன்னு இருக்க வேண்டாம். ஒரு ஆணி, ஒரு சுத்தியல். குழியும் தோண்டியே இருக்குது. நாளைக்கு வந்து கசிவு இருக்குதுன்னு சந்தோசமா எழுதிக் கொடுத்துர்றேன்."

"ஊட்டுல இடி உளுந்தா நிவாரணம் உண்டுன்னா, இடியத் தாம்பூலம் வெச்சுக் கூப்புடுவீங்களாக்கும்?" என்றாள் பொன்னாத்தாள்.

ஓட்டையைக் கண்டுபிடித்துச் சோறு தின்றவரிடம் ஓட்டை போடச் சொன்னால் அவர் என்ன செய்வார்? கன்னையன் நீட்டிய ஆணியை அர்த்தநாரி கையில் வாங்கினார். ஒருமுறை உருட்டிப் பார்த்தார். வைத்துவிட்டார்.

"குழிய மூடிட்டுப் போங்க சாமி," என்றார்.

"மூடறது மூடல் பிரிவுங்க," என்று சொல்லிக் கன்னையன் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பினார்.

கசிவு போயிற்று. களவைப் பற்றி வாரியத்தில் விசாரிக்கும்போது, "பைப்பத் தூக்கிட்டுப் போனாலும் போவாங்க, அதுல இருக்கற தண்ணிய எவனுங்க திருடுவான்?" என்று அர்த்தநாரி கேட்டுவிட்டதால் அதுவும் போயிற்று. மிஞ்சியது விரயம். விஜயகுமாரி அதை விளக்கினார். விரயத்துக்குப் பாதித் தள்ளுபடி உண்டு. ஆனால் விரயம் தானாக நடக்காது. ஓர் ஆள் செய்தாக வேண்டும். அந்த ஆளின் பெயரைச் சொல்லிவிட்டால் போதும்.

"யோசிங்க. உங்க வீட்டுல தண்ணியை அதிகமாப் புழங்கறது யாரு?"

அர்த்தநாரிக்கு ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. காலை வேளையில், வேலைக்குப் போகும் முன், கருத்தம்மாள் பின்கட்டு வாசலில் குந்தி, புளியும் சாம்பலும் போட்டுக் குடங்களை விளக்குவாள். முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் வரை அலசுவாள். எதிரே அலுவலரின் பேனா காத்திருந்தது. கையில் கல்யாண மண்டபத்து பில் இருந்தது. அவர் அந்தப் பெயரைச் சொன்னார். சொன்னவுடன் தண்ணீர் குடிக்கலாம் என்று வாசல் தொட்டிக்குப் போனார். அது இன்னும் காய்ந்தே கிடந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் கன்னையன் தகரப் பலகை ஒன்றோடு வந்து, அதை கேட்டில் அறைந்துவிட்டுப் போனார். நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்து. 'இவ்வீட்டில் நீர் விரயம் செய்தவர்: கருத்தம்மாள். பொதுநலன் கருதி வெளியிடுவோர்: குடிநீர் அளவீட்டு வாரியம்.'

பலகை மாட்டுவார்கள் என்று அர்த்தநாரி எதிர்பார்க்கவில்லை. பெயரைக் கேட்டவர்கள் அதை ஏதாவது ஒரு கோப்புக்குள் புதைத்துவிடுவார்கள் என்றே நினைத்திருந்தார். மற்ற அலுவலகங்கள் அப்படித்தானே செய்கின்றன?

ஷிப்ட் முடிந்து வந்த கருத்தம்மாள் குழியைக் கடக்க அதன் மேல் போட்டிருந்த மரப்பலகையைத் தாண்டும்போது கேட்டை நிமிர்ந்து பார்த்தாள். ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள். சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

"அய்யா," என்று கூப்பிட்டாள். அர்த்தநாரி வெளியே வந்தார்.

"நாயித்துக்கெழம எங்க நதியாவப் பொண்ணு பாக்க வர்றாகன்னு அம்மாகிட்டச் சொல்லியிருந்தேன்ல? ஊர்ல இருந்து வேன் பிடிச்சு வர்றாகய்யா. குடும்பம் எப்பிடி, பொண்ணு சிக்கனமாச் செட்டா இருப்பாளான்னு வாசல்லயே எடை போட்டுருவாக. அந்த வாசல்ல எம் பேரத் தொங்க விட்டுட்டீகளே!"

"இல்ல அம்மணி... நீ கொடத்த அப்பிடி அலசறதப் பார்த்து..."

"அது உப்புத் தண்ணியய்யா! போர் பைப்புல பிடிச்ச தண்ணி. வாரத்துக்கு ஒருக்கா வர்ற நல்ல தண்ணிய எவளாவது பானை கழுவ ஊத்துவாளா? ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்ல?"

அவள் பையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பொன்னாத்தாள் கணவனைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை முற்பகல் குழாய் இரையத் தொடங்கியது. அர்த்தநாரி பழக்கத்தால் எழுந்து வாசலுக்குப் போனார். கூவ வாய் வரவில்லை. கேட் அருகே குப்பையைக் கொட்டிவிட்டு வந்த பொன்னாத்தாள் மீட்டர் பெட்டியின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இக்கட்ட வாங்க. அங்க கொடம் காஞ்சு கெடக்குது. இங்க முள்ளு பேயாட்டச் சுத்துது!"

அவர் குனிந்து பார்த்தார். முள் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடிப்போய்க் குழாயை மூடினார்.

"நின்னுருச்சுங்க!" என்றாள் பொன்னாத்தாள்.

திறந்தார். "சுத்துதுங்க!" மூடினார். "நின்னுருச்சுங்க!"

அர்த்தநாரி குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். காற்று. வெறும் காற்று. கோடை முழுவதும் பகலும் இரவும் குழாயைத் திறந்து வைத்து, வருகிற காற்றை எல்லாம் மீட்டரின் வழியே வரவேற்று, அதை வீதிக்கும் அறிவித்துக்கொண்டிருந்தவர் அவரே. பெயர் மட்டும் கருத்தம்மாளுடையது.

சனிக்கிழமையும் வாரியம் திறந்திருந்தது. அளவீட்டுக்கு விடுமுறை கிடையாது. மூச்சு வாங்க அவர் சொன்னதை விஜயகுமாரி குறுக்கிடாமல் கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"காத்து. சரிங்க. அந்தக் காத்து எந்தக் குழாய்ல வந்துச்சு?"

"உங்க குழாய்லதானுங்க."

"எந்த மீட்டர்ல ஓடுச்சு?"

"உங்க மீட்டர்லதானுங்க."

"அப்போ அது எங்க காத்துதானேங்க? வாரியத்தோட பொருளை இலவசமாக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. தெருவுல அடிக்கிற காத்து இருக்குதே, அதுக்கு நாங்க என்னிக்காவது பில் போட்டிருக்கமா? போடலீங்க. அந்தப் பெருந்தன்மையை யாருமே பாராட்டறதில்ல. குழாய்ல வர்ற கொஞ்சக் காத்துக்குக் கேட்டா மட்டும் எல்லாரும் ஓடி வந்துர்றீங்க."

காட்டில் நிழலை அளந்து வரி வாங்க ஒரு நரியை நியமித்தார்களாம். வெயில் காலத்தில் அது மரம் மரமாகப் போய் அளந்தது. மழைக்காலம் வந்து வானம் மூடியது. காடு முழுவதும் ஒரே நிழலாயிற்று. நரி மகிழ்ந்துபோய், புல்லுக்குக்கூட ஆலமரத்தின் வரியை விதித்தது. "இது என் நிழல் அல்லவே, மேகத்தின் நிழல் ஆயிற்றே!" என்று புல் அழுதது. "நிழல் எங்கிருந்து வந்தது என்பது என் துறை அன்று," என்றதாம் நரி. அந்த நரி பொல்லாத பிராணி என்று சொல்வார்கள். அப்படியொன்றும் இல்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, அவ்வளவுதான்.

"பில் கெடக்கட்டுமுங்க," என்றார் அர்த்தநாரி. "அந்த அம்மணி பேரை மட்டும் எடுத்துருங்க. நாளைக்கு அவிக புள்ளையப் பாக்க வர்றாங்க. தப்புப் பண்ணாதவ பேரு அங்க தொங்குதுங்க."

"பலகையை எடுக்கறது ஆண்டுத் தணிக்கைக்கு அப்புறந்தாங்க முடியும். பேர் இல்லாத பலகை வாரியத்துல கிடையாது."

"அப்போ என்ற பேரை எழுதிக்கோங்க. குழாயத் திறந்து வெச்சது நானு."

முதல்முறையாக விஜயகுமாரியின் முகத்தில் கலவரம் தெரிந்தது. "அதெப்படிங்க? நீங்க புகார்தாரர். புகார் கொடுத்தவரே செஞ்சவர்னா புகார் தப்பு. புகார் தப்புன்னா விசாரணை தப்பு. விசாரணை தப்புன்னா..." அவர் பார்வை அலமாரியின் மேல் இருந்த கேடயத்துக்குப் போய் வந்தது. "வேண்டாங்க. அப்படி எல்லாம் போகக் கூடாது. பேரைத் திரும்ப வாங்கணும்னா வாங்கிக்கோங்க. ஆனா பாதித் தள்ளுபடி போயிரும். முழுசாக் கட்டணும்."

"கட்டறேனுங்க."

"முழுசாங்க?"

"முழுசாவே."

"காத்துக்குன்னு தெரிஞ்சுமா?"

"அவ பேருக்குங்க," என்றார் அர்த்தநாரி. காட்டிய இடத்தில் கையொப்பமிட்டார். அப்படி ஒருவர் கையொப்பமிட வாரியத்தில் அதுவரை இடம் இருந்ததில்லை என்பதால், விஜயகுமாரி அவரை ஓரத்தில் போடச் சொன்னார். "ஆனா பலகை தணிக்கை வரைக்கும் அப்படியேதாங்க இருக்கும்," என்று வாசல் வரை வந்தும் நினைவூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அர்த்தநாரி கேட்டுக்கு அடித்து மிஞ்சியிருந்த பச்சை பெயிண்டையும், அருகிலிருந்த கடைக்காரரை எழுப்பி வாங்கிய ஒரு குப்பி வெள்ளையையும் எடுத்துக்கொண்டார். மூடல் பிரிவு இன்னும் வராத குழியின் ஓரத்தில் முக்காலியைப் போட்டு ஏறினார். பொன்னாத்தாள் முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். அவர் முதலில் கருத்தம்மாளின் பெயரின் மேல் பச்சையை இழுத்தார். அது சற்று உலர்ந்ததும் வெள்ளையைத் தொட்டுத் தன் பெயரை எழுதத் தொடங்கினார்.

எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றார். "என்னுங்க இது, உங்க ஊட்டு வாசல்ல உங்க பேரையே எழுதிக்கறீங்க?"

"செஞ்சவன் நானுங்க."

"எழுத்து சாயுது பாருங்க," என்றாள் பொன்னாத்தாள் கீழேயிருந்து. "அடுத்தவிக பேர மட்டும் பளிச்சுனு சொன்னீங்கள்ல? உங்க பேரயும் நேரா எழுதுங்க."

வேன் எதிர்பார்த்ததற்கு முன்பே வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் பெரியகருப்பன் முதலில் இறங்கினார். கனத்த உடம்பு, முறுக்கிய மீசை. குழியைப் பார்த்தார். அதன் மேல் கிடந்த மரப்பலகையைக் காலால் அழுத்திப் பார்த்தார். பிறகு கேட்டை நிமிர்ந்து பார்த்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"நீர் விரயம் செய்தவர், அர்த்தநாரி. யாருய்யா இந்த அர்த்தநாரி?"

"நான்தானுங்க," என்றார் முக்காலியின் மேலிருந்து அர்த்தநாரி. "வீட்டுக்காரனுங்க."

"வீட்டுக்காரரேவா!" பெரியகருப்பன் சிரிக்கப் போனவர் நின்றார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அருகே வந்தார். பச்சை சரியாகப் பிடிக்கவில்லை. வெள்ளை எழுத்துக்களின் அடியில் வேறொரு பெயரின் சாயல் மங்கலாகத் தெரிந்தது. "அடியில வேற பேரு இருக்கு போல. 'கரு'ன்னு ஆரம்பிக்குது."

அர்த்தநாரி முக்காலியிலிருந்து இறங்கினார். பின்கட்டு வாசலில் காசிமாயன் நின்றிருந்தான். அவன் தோளுக்குப் பின்னால் கருத்தம்மாள், புதுச்சேலையில், முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஆமாங்க," என்றார் அர்த்தநாரி. எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். "அது இவிக பேருங்க, கருத்தம்மா. எழுத வெச்சது நானு. எனக்கு வந்த பில்லைக் கொறைக்கோணும்னு, ஒரு வார்த்த கேக்காம, செய்யாத குத்தத்துக்கு இவிக பேரைச் சொல்லிப்போட்டேன். குழாயத் திறந்து போட்டுக் காத்துல மீட்டர ஓட விட்டவன் நானுங்க. இந்த அம்மணி ஊட்டுல ஒரு சொட்டு நல்ல தண்ணி வீணாப் போனதில்ல. சிவன்மலை ஆண்டவர் மேல சத்தியமுங்க."

பிறகு கருத்தம்மாளை நோக்கிக் கை கூப்பினார். கையில் இருந்த தூரிகையை மறந்துவிட்டதால் அதையும் சேர்த்தே கூப்பினார். "மன்னிச்சுக்கோ அம்மணி. மொதல்ல உன்னயக் கேட்டிருக்கோணும்."

பெரியகருப்பன் மீசையைத் தடவினார். "காத்துக்குக் காசா?" என்றார் தன் மனைவியிடம் திரும்பி. "இந்த ஊர்ல நாம மூச்சு விட்டது வரைக்கும் போதும்டி. சீக்கிரம் பொண்ணப் பாத்துட்டுக் கிளம்பிருவோம்."

வேனிலிருந்து இறங்கியவர்கள் சிரித்தார்கள். காசிமாயன் சிரித்தான். கருத்தம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் முந்தானையை விட்டுவிட்டுக் கேட் வரை நடந்து வந்தாள்.

"மொதல்ல அந்தப் பெரசக் கீழ வைங்கய்யா. வந்தவுக வேட்டியில சொட்டுது." சற்று நிறுத்தி, தணிந்த குரலில் சொன்னாள். "வச்சிட்டு உள்ள வாங்க. பொண்ணு வீட்டுப் பக்கம் உக்கார எங்களுக்கும் பெரியவுக யாரு இருக்கா?"

"நீங்க போங்க அம்மணி. இதா வந்தர்றேன்."

எல்லோரும் உள்ளே போனார்கள். அர்த்தநாரி மறுபடி முக்காலியில் ஏறினார். தன் பெயர் அழிந்தாலும் அழியட்டும் என்று, பச்சையைத் தாராளமாகத் தொட்டு, அடியிலிருந்த அந்தப் பெயரின் மேல் இன்னொரு பூச்சுப் பூசினார். சற்றுப் பின்னால் சாய்ந்து பார்த்தார். 'ம்' மட்டும் இன்னும் லேசாகத் தெரிந்தது. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவரைப் போலத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, அதன் மேலும் இழுத்தார். சுத்தமாக மறைந்ததும், பொறுமையாக, நேராக, தன் பெயரை அங்கே மறுபடியும் எழுதினார்.